வாசல் இல்லாத கடையும் எஸ்தர் சாரும்

செவ்வாய்க்கிழமை முற்பகல் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தேன். என்னைப்போலவே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிற ஷிபு வந்தான். பைக்கை அணைக்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். "கணேசன் சேட்டா, அறிஞ்ஞோ? நம்ம எஸ்தர் சார் போயி. காலையிலே. அட்டாக்."

எஸ்தர் சார் இறந்துவிட்டார் என்றதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதற்குள் கடைக்காரர் பார்சலை என் கையில் திணித்துவிட்டார். சாப்பாட்டைக் கொண்டுசேர்க்க வேண்டிய நிமிடம் போனில் குறைய ஆரம்பித்தது. அந்த ஓட்டம் ஆரம்பித்துவிட்டால் அப்பன் செத்தாலும் ஆத்தாள் செத்தாலும் நிற்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தைக்காட்டில் ஒரு மூன்றாவது மாடிக்கு ஏறி, சாம்பார் சிந்தாமல் கொடுத்து, "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்குக்கூட ஆர்டர் முடிய வேண்டியிருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் சார் ஒரு பெண்மணி. இந்த மலையாள ஊரில் அதிகார நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சார்தான். சேலை கட்டியிருந்தாலும் சார்தான். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவர், தொழிலாளர் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நானோ பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் தேர்ச்சி கொடுத்தது. எனக்கும் அவருக்கும் என்ன பழக்கம் என்றால், அது ஒரு ஸ்டூலில் ஆரம்பித்தது.

அப்போது நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் சேல்ஸ்மேன். காலை முதல் கடை அடைக்கும்வரை நின்றே வேலை. ஊழியர்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் இருந்ததால் எங்கள் முதலாளியும் நான்கு ஸ்டூல் வாங்கினார். வாங்கி மச்சில் ஏற்றி வைத்தார். இன்ஸ்பெக்ஷன் என்று தகவல் வந்தால் ஸ்டூல்கள் கீழே இறங்கும், நாங்களும் கல்யாண வீட்டில் போல உட்கார்ந்திருப்போம். எஸ்தர் சார் வந்தார், பார்த்தார், கையெழுத்து வாங்கினார், போனார். நான் முதல் ஸ்டூலை மச்சில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்து நின்றார். ஏணியில் நான், தலைக்கு மேலே ஸ்டூல்.

"இறங்குடே. அதையும் கொண்டு இறங்கு" என்றார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "சட்டம் என்ன, வந்துட்டுப் போற விருந்தாளியா முதலாளி? அது இங்கேதான் கிடக்கும். நீங்க கடை அடைச்சுப் போன பிறகும் இங்கேதான் கிடக்கும், கேட்டியளா?" என்றார். அதற்குப் பிறகு அந்த ஸ்டூல்கள் மச்சுக்குப் போகவில்லை. என் முதுகெலும்பு இன்றைக்கு நேராக இருக்கிறதென்றால் அதில் ஒரு பங்கு அவருடையது.

பிறகு சில்லறைக் கடைக்காரர்கள் எல்லாம் போனிலேயே சரக்கு வரவழைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கடையில் ஸ்டூல் மிச்சமானது, உட்கார ஆள் தேவைப்படவில்லை. நாற்பத்தேழு வயதில் முதுகில் சாப்பாட்டுப் பையைச் சுமந்துகொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். "அப்பா, பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரியே இருக்கு" என்றாள் மகள் கல்பனா. பள்ளிக்கூடத்தில் படிக்காததை எல்லாம் இங்கே படித்தேன்.

இந்த வேலையும் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். சிரித்துமிருப்பீர்கள். கல்பனாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தால் திருச்செந்தூரில் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்திருந்தேன். கிடைத்தது. போனேன். நாவிதர் கை ஓடுகிற வேகத்தில் மீசையையும் எடுத்துவிட்டார். ஊர் திரும்பி, வேலைக்கு இறங்க போனைத் திறந்தால், அது வழக்கம்போல என் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். ஆள் நீ இல்லை என்றது. வெளிச்சத்தில் நின்று காட்டினேன். இல்லை என்றது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

அப்போது எனக்குத் தோன்றிய யோசனையை எந்தச் சாமியும் தடுக்கவில்லை. தலையில் தொப்பியை வைத்து, மனைவியின் கண்மையை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று ஒரு மீசை வரைந்தேன். நல்ல மீசைதான். என் அசல் மீசையைவிடக் கம்பீரமாக இருந்தது. காட்டினேன். ஒரு நிமிடத்தில் சிவப்பு எழுத்தில் வந்தது: வேறு ஆளை வைத்து மோசடி, கணக்கு நிரந்தரமாக முடக்கம்.

கேட்க ஆள் தேடினேன். போனில் ஒரு கட்டம் திறக்கும், அதில் எழுதினால் பதில் வரும். உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று வரும். சார், அது நான்தான், மொட்டை போட்டிருக்கிறேன் என்று எழுதினேன். உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று வந்தது. கல்பனா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "அப்பா, அது மிஷினாக்கும். எதுக்கு அதை சார்னு கூப்பிடறே?" என்றாள். மிஷின் என்று தெரிந்தும் அன்று முழுவதும் கெஞ்சினேன். வேறு யாரிடம் கெஞ்ச?

அப்படித்தான், அதற்குள் ஓய்வு பெற்றிருந்த எஸ்தர் சாரிடம் மறுபடியும் போய் நின்றேன். கதையைச் சொல்லி, அந்தக் கண்மை மீசைப் படத்தையும் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மக்களே, இந்த மீசைக்கே உன்னைச் சிறையிலே போடலாம்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா வேலையை எடுக்க முடியாது. எந்தச் சட்டத்துலே எடுத்தான்? நோட்டீஸ் எங்கே? விசாரணை எங்கே? உன் முதலாளி யாரு?"

"முதலாளி இல்லை சார். நான் பார்ட்னராம். கையெழுத்து போடும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"பார்ட்னரா! அப்போ உன் கூட்டாளி பேரைச் சொல்லு, நான் அவன்கிட்டே கேக்கேன்."

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அதுதான் அவரை உலுக்கியது என்று நினைக்கிறேன்.

மறுநாளே என்னை ஆட்டோவில் ஏற்றிக் கழக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு கண்ணாடிக் கட்டிடம். அதில் எங்கள் கம்பெனியின் பெயர்ப்பலகை தொங்கிய அறைக்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு செக்யூரிட்டி. ஆபீசர் யார் என்று கேட்டால், "இவிடெ ஆரும் வராறில்லா மேடம், எல்லாம் ஆன்லைனாணு" என்றார் அவர், பாவம். எஸ்தர் சார் மனுவை நீட்டினார். வாங்க எனக்கு அனுமதியில்லை என்றார் அவர். "சரி. வாங்கமாட்டேன்னு எழுதி, கீழே உங்க பேரைப் போட்டுத் தாங்க. நான் போறேன்" என்றார் இவர். அந்த மனுஷன் பேனாவைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், கடைசியில் மனுவையே வாங்கிக்கொண்டு நகலில் கையெழுத்துப் போட்டார். "எங்கேயும் வெறும் கையோட திரும்பக் கூடாது" என்று படியிறங்கும்போது எஸ்தர் சார் சொன்னார். "ஒண்ணு வாங்கினதுக்கு ஒப்பு. இல்லேன்னா வாங்கலேங்கிறதுக்கு ஒப்பு." ஒப்பு என்றால் இந்த ஊரில் கையெழுத்து.

ஆனால் திரும்பும் வழியில் அவர் பேசவேயில்லை. உள்ளூர் ஜங்ஷனைத் தாண்டிய பிறகுதான், "கடைன்னா நான் ஏறி உள்ளே போயிருவேன் கணேசா. இதுக்கு வாசல் எங்கேடே? உன்னைத் தள்ளினது ஆளில்லே. தள்ளச் சொன்ன ஆளையும் காணோம். நான் படிச்ச சட்டம் பூராவும் முதலாளின்னு ஒருத்தன் இருப்பான்னு நினைச்சு எழுதினது" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு களைப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மாதங்கள் போயின. அந்த ஒப்புக்குப் பதில் வரவில்லை. மீசை வளர்ந்தது, முடி வளர்ந்தது, பழைய முகம் முழுதாகத் திரும்பி வந்தது. கணக்கு திரும்பவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், கல்பனா ஹாஸ்டலில் இருக்கிறாள். கடைசியில் என் மச்சினன் அவனுடைய கணக்கில் என்னை ஓடச் சொன்னான். காலையில் அவன் தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போனை என்னிடம் கொடுப்பான், அவன் ஆட்டோ ஓட்டப் போவான், நான் அவனாகிப் பையைத் தூக்குவேன். முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவன் பெயரில்லை. செய்யாத மோசடிக்கு முதலில் தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்ததால் அந்த மோசடியைச் செய்தேன். இதை எஸ்தர் சாரிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களைப் போன்றவர்களின் வேலைக்கு ஒரு விதிமுறை கொண்டுவரப் போவதாக அரசு சொன்னது. வரைவு வந்தது, கருத்துக் கேட்டார்கள். எஸ்தர் சாருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. எங்களை எல்லாம் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். காரணம் எழுத்தில் சொல்லாமல் கணக்கை முடக்கக் கூடாது; முடக்கினால் கேட்க ஒரு மனுஷன் வேண்டும், மிஷின் போதாது; அவன் கேட்டு முடிக்கும்வரை வேலை ஓட வேண்டும். இந்த மூன்றையும் சேர்க்கச் சொல்லி மலையாளத்தில் தன் கையாலேயே மனு எழுதினார். அதற்கு உதாரணமாக நேரில் சொல்ல வைத்திருந்தது என் கதை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, "இதோ ஆள், இதோ மொட்டைப் படம்" என்று சொல்லப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு மதியம், சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு இட்லியும் கஞ்சியும் கொண்டுபோனேன். ஆர்டர் செய்தவர் பெயர் வேறு யாரோ. மணியடித்தேன். கதவைத் திறந்தவர் எஸ்தர் சார். தங்கைக்குக் காய்ச்சல், பார்க்க வந்திருக்கிறார். என் தலையில் ஹெல்மெட், முகத்தில் பாதிக்குத் துணி, கண் மட்டும்தான் வெளியே. பார்சலை நீட்டிவிட்டுத் திரும்பினேன்.

"நில்லு. இதிலே முருகன்னு இருக்கே" என்றார், தங்கையின் போனைப் பார்த்துக்கொண்டு. பிறகு என்னைப் பார்த்தார். "கணேசா, உள்ளே வா."

ஹெல்மெட்டைக் கழற்றினேன். திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தார்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம் சார்."

"அவங்க உன்மேலே எழுதின பொய்யை நீ உண்மையாக்கிட்டியேடே." உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பரவாயில்லே. அதையும் சொல்லுவோம். உள்ளதை உள்ளபடி. விதி இல்லேன்னா நேர்மையா இருக்கவனும் இப்படித்தான் ஆவான்னு நானே சொல்லுதேன். நீ எழுந்து நின்னா போதும்" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். முருகன் கணக்கும் போய்விடும், அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், எனக்கும் இருக்கிற ஒரே கயிறு அதுதான் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. "கஞ்சி ஆறுது. நீ போ. உனக்கு நேரம் ஓடும்" என்றார்.

கூட்டத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எஸ்தர் சார் அந்த மூன்று கோரிக்கைகளையும் சொன்னார். கம்பெனிகள் சார்பில் ஒருவர் பெரிய திரையில் வந்தார். எந்த ஊரில் இருந்தாரோ. மிகவும் மரியாதையாகப் பேசினார். "நியாயமில்லாமல் முடக்கப்பட்டதாகச் சொல்கிறீர்களே மேடம், அப்படி ஒருவரையாவது இங்கே காட்ட முடியுமா?" என்று கேட்டார். எனக்குக் கால் இரண்டும் ஸ்டூலோடு ஒட்டிக்கொண்டன. ஒருகாலத்தில் அவர் வாங்கிக் கொடுத்த ஸ்டூல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குத் தெரியும், நான் பின்னால் இருக்கிறேன் என்று. உள்ளே வரும்போதே பார்த்தார். அவர் திரும்பவில்லை. ஒருதடவை திரும்பியிருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "இப்போது காட்ட முடியாது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் அவர் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "டீ குடிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "பயந்தவன்கிட்டே சாட்சி கேக்கக் கூடாது கணேசா. முதல்லே பயத்தை எடுக்கணும். அதை எடுக்கத்தான் விதி. விதி வர்றதுக்கு இவங்க சாட்சி கேக்காங்க. சாட்சி வர்றதுக்கு விதி வேணும். எங்கே போய் முட்டிக்கிறது?" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு அவர் தங்கை என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார். மேலே என் பெயர். உள்ளே கூட்டத்தில் கொடுக்காத இன்னொரு மனு, என் கதையோடு. மலையாளம் எனக்குப் பேச வருகிற அளவுக்குப் படிக்க வராது. விடுமுறைக்கு வந்திருந்த கல்பனா வாசித்தாள். திருச்செந்தூர், கண்மை, சிவப்பு எழுத்து, கழக்கூட்டத்துச் செக்யூரிட்டி, நாலு மாதம் வேறொருவன் பெயரில் ஓடியது, எல்லாம் இருந்தது. ஒன்றைக்கூட அழகுபடுத்தவில்லை. முருகன் பெயர் எங்கேயும் இல்லை.

"அப்பா, உன் பேரும் இல்லே. பேரு எழுத இடம் மட்டும் விட்டிருக்கு" என்றாள். ஓரத்தில் பென்சிலால், தமிழில், சின்னதாக எழுதியிருந்தார்: மனமிருந்தால் மட்டும்.

எழுத்தில் கருத்துச் சொல்ல அந்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். என் வீரத்தைக் கேளுங்கள்: வெள்ளிக்கிழமையும் நான் முருகனாகத்தான் ஓடினேன். சனி, ஞாயிறும் ஓடினேன். ஞாயிறு மாலை முருகன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் முழுதும் கேட்டான். பிறகு, "முதல்லே என் கணக்கை விட்டு இறங்கு அத்தான். பின்னே உன் பேரிலே என்ன வேணும்னாலும் எழுது" என்றான். கோபமாகத்தான் சொன்னான். நியாயமாகவும் இருந்தது. போனைக் கொடுத்தேன். பையையும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை தொழிலாளர் துறை ஆபீசுக்குப் போய் மனுவை நீட்டினேன். கிளார்க் தேதியைப் பார்த்தார். "சமயம் முடிஞ்சுது. இனி எடுக்க பற்றில்லா." முடியாது என்கிறார்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ தெரியாது. "சரி சார். வாங்க முடியாதுன்னு எழுதி, பேரைப் போட்டுத் தாங்க. நான் போறேன்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். மனுவைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். நீளமான, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. "இது எஸ்தர் சார் எழுதினதல்லே?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முத்திரையை எடுத்து மனுவிலும் நகலிலும் குத்தினார். "வச்சுக்கிறேன். ஆனா மேலே இருக்கவங்க இதை நோக்கும்னு நான் வாக்கு தரமாட்டேன், கேட்டோ."

கேட்டேன். நோக்கமாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். கல்பனாவின் அடுத்த செமஸ்டர் எப்படி ஓடும் என்று தெரியவில்லை. நாளை காலை எழுந்து என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. நேற்று அந்தக் கட்டத்தில் இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன். என் வருத்தம் அவர்களுக்குப் புரிகிறதாம்.

எஸ்தர் சாரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த நகல் ஒன்றுதான். மூன்று நாள் பிந்திய முத்திரை. அவர் விட்டுவைத்த இடத்தில் என் கோணல் எழுத்தில் என் பெயர். அவருக்கு உயிர் இருந்தபோது அது அங்கே ஏறவில்லை. நாள்தோறும் என் முகத்தைக் கேட்டு வாங்கிய மிஷினுக்கு ஒரு மீசை போனதும் நான் யாரென்று தெரியாமல் போய்விட்டது. ஹெல்மெட்டும் துணியும் மூடி, இன்னொருவன் பெயரில் வந்து, கண் மட்டும் தெரிய வாசலில் நின்றவனைக் கணேசா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.